ரம்பம்

அலுவலகத்தில் என் பெயர் அதுதான்.
மணிவாசகம் என்று வைத்தவர்கள்
நான் பேசத் தொடங்குமுன் வைத்துவிட்டார்கள்.
மின்தூக்கிக்குள் நான் நுழைந்தால்
எட்டாம் மாடிக்காரர் மூன்றிலேயே இறங்கிக்கொள்வார்;
படியேறினால் நெஞ்சுக்கு நல்லதாம்.

ஆண்டிறுதி விருந்தில் பரிசு மாற்றிக்கொண்டோம்.
இருபது வெள்ளிக்கு மேல் போகக்கூடாது.
எனக்கு வந்தது ஒரு வட்டத் தகரடப்பா.
உள்ளே சுருண்டு கிடந்தது ஒரு சங்கிலி,
கண்ணிக்குக் கண்ணி பல்,
இரண்டு நுனியிலும் ஆரஞ்சு நாடாவில் கைப்பிடி.
"ரம்பத்துக்கு ஒரு ரம்பம்" என்று எழுதிப்
பதினாறு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.
நானும் சிரித்தேன்.
நன்றி சொல்ல ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் அது என் நடைப்பையில்
கோடாலித் தைலத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.
மெக்ரிச்சி, செஸ்ட்நட், பழைய ரயில்பாதை,
எங்கே போனாலும் கூடவே வந்தது, சும்மா.
இலை கிள்ளுமுன் அறிவிப்புப் பலகையைப் படிக்கிற ஊர் இது.
எதை அறுப்பது?

பிறகு உபினில் அந்த ஞாயிறு.
இடியும் மழையும் அடித்து ஓய்ந்த நாலு மணி.
செம்மண் பாதையின் குறுக்கே ஓர் அல்பீசியா,
வேரோடு, வாயில் மண்ணோடு.
அதன் கிளையடியில் ஒரு வாடகை சைக்கிள்,
சைக்கிளருகே நனைந்த ஒரு பெண்,
இருக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்
மாட்டைத் தொழுவத்துக்கு இழுப்பதுபோல.

"தின்சா," என்றாள், நெஞ்சைத் தொட்டு.
பிறகு மணிக்கட்டைக் காட்டி, "ஏழு. வீடு. மேடம்."
அதற்குமேல் எங்களுக்குப் பொதுவாய் மொழி இல்லை.

கழகத்துக்குத் தொலைபேசினேன்.
காத்திருங்கள் என்றது ஒரு குரல்; பிறகு இசை.
வாழ்வில் முதல்முறையாக
என்னைவிட நீளமாய் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.
விழுந்ததை அறுத்தால் குற்றமா, தெரியாது.
டப்பாவைத் திறந்தேன்.

தொடையளவு கிளை. சங்கிலியை அடியில் நுழைத்து
இரண்டு கைப்பிடியும் நானே பிடித்து இழுத்தேன்.
ஆறு இழுப்பில் சிக்கியது.
இன்னும் பலமாய் இழுத்தேன், இன்னும் சிக்கியது.
அவள் வந்து
ஒரு பிடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அவள் இழுக்கும்போது நான் விடவேண்டும்.
இவ்வளவுதான். இதற்கு எனக்கு
ஐம்பத்திரண்டு வயது ஆகியிருந்தது.
முதலில் இருவரும் இழுத்தோம், பல் இறுகி நின்றது.
அவள் தலையசைத்தாள், இல்லை இல்லை.
கை தளர்த்தினேன். போனது.
அவள் தளர்த்தினாள். வந்தது.
க்ரீச், க்ரீச்.
வெள்ளைத் தூள் ஈர முழங்கையில் சோற்றுப் பருக்கையாய் ஒட்டியது.
ஒரு காட்டுப்பன்றி, பின்னால் மூன்று குட்டி,
நின்று பார்த்துவிட்டு எங்களைச் சுற்றிப் போயின.
உள்ளங்கையில் கொப்புளம் உடைந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல மூச்சும் இல்லை.

கிளை முனகியது, பிறகு தொப்பென்று விழுந்தது.
சைக்கிளின் பின்சக்கரம் எட்டாய் வளைந்திருந்தது.

படகுத்துறை வரை நொண்டிச் சைக்கிளை உருட்டினோம்.
வழியெல்லாம் அவள் பேசினாள், பர்மிய மொழியில்.
யாரையோ திட்டினாள், யாருக்காகவோ குரல் தாழ்ந்தது,
ஓரிடத்தில் அவளே சிரித்து அவளே நிறுத்தினாள்.
அரைமணி நேரம்.
ஒரு சொல் புரியவில்லை.
உம் கொட்டிக்கொண்டே வந்தேன்.

கடைக்காரர் சக்கரத்தைப் பார்த்தார்.
என்ன ஆயிற்று என்றார்.
வாயைத் திறந்தேன்.
அதற்குள் தின்சா
மரத்தை விழவைத்தாள், இரண்டு கையால், வானத்திலிருந்து.
பிறகு குனிந்து, இல்லாத ஒரு சங்கிலியின்
ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு
மறுமுனையை என்னிடம் நீட்டினாள்.

இழுத்தேன். விட்டேன். இழுத்தேன்.

நாற்பது வெள்ளி, என்றார் கடைக்காரர்.