லிட்டர் கணக்கு

முதலில் எடையைக் கேட்டார்.
தூத்துக்குடிக்காரர், பர்னாந்து என்று பெயர்.
பழைய பாய்ப்பலகை விற்கிறவருக்கு
என் எடை எதற்கு?
பக்கத்தில் தெய்வசிகாமணி சோறு பிசைந்துகொண்டிருந்தார்.
போனோடு வாசல் இறங்கிப் போய்
எழுபத்து நாலு என்றேன்,
திருட்டுச் சாமான் விலை சொல்வதுபோல.

“அப்போ அந்தச் சிவப்பு வேண்டாம்க்கா.
படத்துல அழகா இருக்கும்,
நீங்க ஏறினா உங்களோட சேர்ந்து முங்கும்.
நூத்தி எழுபத்தஞ்சு லிட்டர் ஒண்ணு கெடக்கு.
அகலம். பார்க்க அசிங்கம்.
நடுவுல கத்தி எறங்கும், பக்கவாட்டுல வழுக்காது.
பாய் நாலரை சதுர மீட்டர்.
பெருசு கேக்காதீங்க.”

சொசைட்டிக்குப் பால் ஊற்றும் ஊரில்
லிட்டர் புரியாதா?
சாந்தாமணி வீட்டு ஏழு மாடும்
மூன்று நாள் கறக்கிற அளவு.
அத்தனை தண்ணீரை விலக்கிவிட்டு
ஒரு பலகை மிதக்கும்,
அதன்மேல் நான்.

முப்பதாயிரம் சீட்டு.
தள்ளி எடுத்ததில் கைக்கு இருபத்தேழு.
பலகை, கம்பம், பிடிவளையம்
இருபத்தாறில் தொடங்கி
மூன்று நாள் பேசி இருபத்திரண்டு.
கிழிந்த பாய் சும்மா.
திருப்பூர்ச் சாயப்பட்டறைக்கு உப்பேற்றிய லாரியில்
மூட்டைகளின் மேல் மல்லாந்து வந்தது.
லாரிக்கு எண்ணூறு.

பாயில் ஒரு முழக் கிழிசல்.
பதினோரு வருஷமாய்ச் சாம்பிள் தைக்கிறவள் நான்,
ஆனாலும் பனியன் துணியை இதில் நம்ப முடியாது,
காற்று அதற்கு வயிறு வைத்துவிடும்.
கழிவுக்கடையில் கூடாரத் துணி கிடைத்தது.
துணி, நூல் இருநூற்று அறுபது.
இரட்டை ஜிக்ஜாக்.
“எந்த பையருக்குங்க்கா?” என்றான் கட்டிங் மாஸ்டர்.
எனக்குத்தான் என்றேன். நம்பவில்லை.

பாயைத் தூக்கும் கயிற்றுக்கு
வீட்டில் கிடந்த பொள்ளாச்சித் தேங்காய்நார்.
ஒரே நாள். உள்ளங்கை உரிந்தது.
நைலான், நூற்றெண்பது.

மிதவைச் சட்டை மட்டும் புதுசு.
மூவாயிரத்து நானூறு.
அதில் நான் பேரமே பேசவில்லை.

“எந்த ஊர்க் குளம்?”
உடுமலைப் பக்கம்.
“கணவாய்க் காத்தா? அப்ப ஆடி போகட்டும்க்கா.
அம்மி பறக்குற மாசத்துல
புதுசா எதுவும் கத்துக்கக் கூடாது.”

ஆவணியும் போனது.
கட்டில் அடியில் பலகை.
காலையில் மாடியேறிக்
கிழக்கே நிற்கும் பெரிய காற்றாலையைப் பார்ப்பேன்.
இறக்கை ஒரு சுற்றுக்கு எட்டு எண்ண முடிந்தால் போகலாம்.
நாலுதான் என்றால்
துணி துவைக்கலாம்.

புரட்டாசிக் கடைசி ஞாயிறு.
எட்டு. இன்னொரு முறை எண்ணினேன், எட்டரை.
மீன் குத்தகை நஞ்சப்பனுக்கு ஒரே நிபந்தனை:
“வடக்கால வலை கெடக்குது, அக்கட்ட வந்துறாதீங்கோ.”

விழுந்தேன்.
முதுகால், முகத்தால், உட்கார்ந்தபடி,
ஒருமுறை பாய்க்கு அடியில்,
மஞ்சள் வெளிச்சத்தில் என் தையலை
உள்பக்கமிருந்து பார்த்தபடி.
பிரியவில்லை.

பதினேழாவதில்தான் புரிந்தது.
இடுப்பால் இழுக்கக் கூடாது.
முழங்காலை மடக்கிப் பின்னால் சாய்ந்துவிட வேண்டும்,
கனம் பார்த்துக்கொள்ளும்.
எழுபத்து நாலு கிலோவும்
ஒரு பக்கம் தொங்க,
மறுபக்கம்
பாலக்காட்டிலிருந்து வந்த காற்று.
தராசு நின்றது.

பலகைக்கு அடியில் தண்ணீர்
சளசளவென்று பேசத் தொடங்கியது.
நான் ஓட்டவில்லை.
ஓடிக்கொண்டிருந்ததை விடாமல் பிடித்திருந்தேன்.

திரும்புவது எப்படி என்று
கேட்க மறந்திருந்தேன்.

கிழக்குக் கரை. வேலிக்கருவேல்.
வண்டல் அள்ளும் ஜேசிபி ஒன்று நின்றிருக்க,
உள்ளே உட்கார்ந்து தக்காளிச் சோறு தின்ற டிரைவர்
பாதிக் கவளத்தோடு பார்த்தார்.
என்ன இது என்று கேட்கவில்லை, கொங்குக்காரர்.
“எவ்வளவுங்க ஆச்சு?”

இருபத்தாறாயிரத்து அறுநூற்று நாற்பது என்றேன்,
ஒற்றைக் காலில் நின்று
குதிகாலில் முள் பிடுங்கியபடி.
மிச்சம் முந்நூற்று அறுபது.
அதற்குள் ஒரு செருப்பு வாங்க வேண்டும்,
தண்ணீரில் கழலாததாக.

பலகையைக் கரையோரம் இழுத்துக்கொண்டு
நடக்கத் தொடங்கினேன்.
காற்று
முகத்தில்.