எந்த வழி

பெத்தெஸ்தாவில் மழைக்கு யாரும் காரணம் கேட்பதில்லை.
முன்னால் மலை இருக்கிறது, பின்னால் கடல் இருக்கிறது,
நடுவில் நாங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.
ஆனால் காருக்குள் ஏன் பெய்ய வேண்டும்?

விடிகாலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்தால்
நனைந்த நாயின் வாடை.
கண்ணாடிக்கு வெளியே பனி.
உள்ளேயும் பனி.
வெளியே இருப்பதைச் சுரண்டலாம். உள்ளே சுரண்டினால்
மடியில் உதிர்ந்து, உருகி, தொடைவரை இறங்கும்.
ஆறு மணிக்குக் கால் வராத ஒருவரைக் குளிப்பாட்ட வேண்டும்,
ஆறே முக்காலுக்கு இன்னொருவருக்கு இன்சுலின்.
அவர்களுக்கு என் கண்ணாடியின் கதை எதற்கு?

ஆளாளுக்குச் சொன்ன வைத்தியமெல்லாம் செய்தேன்.
பூனை மண்ணைக் காலுறையில் கட்டி
டாஷ்போர்டில் வைத்தேன்.
செத்த எலிபோலக் கிடந்து, வாரத்துக்கு வாரம் கனத்தது.
மிதியடிக்குக் கீழே செய்தித்தாள் விரித்தேன்.
செவ்வாய்க்கிழமைத் தலைப்புகள் வியாழக்கிழமை
தரையைவிட்டு உரிய மறுத்தன.
குளிரிலும் ஏசியைப் போடு என்றான் கராஜ்காரன்.
போட்டேன். கை விறைத்தது. கண்ணாடி தெளிந்தது,
ஒரு தபால் பெட்டியின் வாய் அளவுக்கு.
நவம்பர் முழுவதையும் அந்தச் சந்து வழியாகத்தான் பார்த்தேன்.

நான் அப்படிப் பார்ப்பதைப்
பக்கத்து வீட்டு இத்வால் பார்த்துவிட்டார்.

இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை.
என் பின்சக்கரம் அவர் வாசலில் ஒரு முழம் நிற்கிறதாம்.
அவருடைய மேப்பிள் மரம் என் வண்டிமேல் சாய்கிறது என்று
நான் கவுன்சிலுக்கு எழுதினேன். பதில் இல்லை.
மரம் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை
கட்டுக்கட்டாகப் பதில் போட்டது.

ஞாயிறு காலை கதவைத் தட்டினார், கையில் பூவாளி.
"யாரையாவது கொல்லப்போகிறாய், மெரெரித்.
போய் உள்ளே உட்கார். டார்ச் பிடி. நான் ஊற்றுகிறேன்.
எங்கே சொட்டுகிறதோ அங்கே கத்து."

கீழிருந்து மேலே போக வேண்டுமாம்.
மேலிருந்து ஊற்றினால்
எல்லா ஓட்டைகளும் சேர்ந்து பொய் சொல்லும்.

நான் முன்னிருக்கையின் காலடியில் தலைகீழாக,
கன்னத்தில் ஈரக் கம்பளம், பல்லிடுக்கில் டார்ச்.
வெளியே அவர் ஏதோ கேட்கிறார்,
எனக்குத் தெரிவது உதடு மட்டும்.
தலையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார்.
இரண்டு வருஷத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம்
'இங்கே இல்லை' என்பது.

நாலாவது பூவாளிக்கு
ஹீட்டர் பெட்டியின் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டது,
யோசித்தது, விழுந்தது.
அதன் பின்னாலேயே ஒரு வரிசை.
கத்தினேன். டார்ச் விழுந்து உருண்டது.

வைப்பருக்குக் கீழிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி
வடிகால் துளையில் விரல் விட்டார்.
கறுத்துக் கூழாகி, ஐந்து விரலும் இன்னும் அழியாமல்
வந்தது ஒரு மேப்பிள் இலை.
இன்னொன்று. பிறகு ஒரு பிடி.
கடைசியாக, இறக்கை வைத்த விதை ஒன்று.
என் எஞ்சினுக்கு மேலே உட்கார்ந்து
வெள்ளையாக வேர் விட்டிருந்தது.

நான் மரத்தைப் பார்க்கவில்லை.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
விதையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்,
சாட்சியை அப்புறப்படுத்துகிறவர் மாதிரி.
தேங்கியிருந்த தண்ணீர்
ஒரு மிடறுச் சத்தத்தோடு
தன் பழைய வழியில் இறங்கிப் போனது.

"பழைய டூத்பிரஷ் போதும். மாதம் ஒருமுறை,"
ஈரக் கையைப் பேண்டில் துடைத்தபடி நடந்தார்.
தன் வாசலில் நின்று திரும்பினார்.
"அந்தச் சக்கரம்."
"ஒரு முழம்தான்," என்றேன்.

மரத்தை அவர் வெட்டவில்லை.
நானும் வண்டியை நகர்த்தவில்லை.
கம்பளம் காய மூன்று வாரம் பிடித்தது.

இப்போதும் விடிகாலையில் கண்ணாடி லேசாக மங்கும்,
நான் ஏறி உட்கார்ந்த பிறகு.
அது என் மூச்சு, அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.
ஜன்னலை ஒரு விரற்கடை இறக்குகிறேன்.
கொஞ்சம் மழையும் உள்ளே வருகிறது.
வரட்டும்.
எந்த வழி என்றுதான் தெரியுமே.