எங்கே வைத்திருந்தீர்கள்

டாம்பெரெயில் நவம்பர் கடைசி.
மூன்றரை மணிக்கே இருட்டிவிடும்.
பழைய நூற்பாலையின் மூன்றாம் மாடியில்
நாலு பேர், ஐந்து நாற்காலி, ஒரு விளையாட்டு:
புயல் தின்ற கலங்கரை விளக்கத்தைக்
கல் கல்லாய்த் திரும்பக் கட்ட வேண்டும்.
கட்டியதை எங்கே வைப்பது என்று
அன்று முழுக்கச் சண்டை.

ஆவணங்கள் ஃபோல்டரில் போடலாம் என்றான் பெட்டெரி.
ஐலா கோப்பையை வைத்த சத்தத்திலேயே
மறுப்பு இருந்தது.
"அது அடுத்தவர் வீட்டு மேசை இழுப்பறை.
வரி ரசீது, விவாகரத்துத் தாள்,
பாதியில் விட்ட ராஜினாமாக் கடிதம்.
என் இழுப்பறையில் இப்போதே
பதினேழு கம்பெனிகள் ஒட்டுக்குடித்தனம்.
ஒருத்தராவது கதவைத் தட்டிவிட்டு வந்தார்களா?"

விளையாட்டின் பக்கத்திலேயே கிடக்கட்டும் என்றார் யோர்மா,
ஃபிளாப்பிக் காலத்து மனிதர்.
"பெட்டியைத் தூக்கினால் எல்லாம் கூட வரும்."
வரும்.
விளையாட்டை அழித்தால் கூடவே போகவும் செய்யும்.
ஒரே கணினியில் அண்ணனும் தங்கையும் ஆடினால்
அவள் வைத்த கல்லை இவன் பிடுங்குவான்.

மேகத்தில், என்றேன் நான்.
மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.
இருந்தது, தாழ்வாக, பனியைச் சுமந்துகொண்டு.
"நாம் கடையை மூடிய பிறகு
அதற்கு யார் வாடகை கட்டுவது?"
மூடுவோம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.
தேதிதான் தெரியாது.

கடைசியில் முறைப்படி செய்தோம்.
பயனர் பெயருக்குள்
மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டருக்குள்
எங்கள் கம்பெனிப் பெயருக்குள்
விளையாட்டின் பெயருக்குள்
ஏழு கிலோபைட்.
யார் காலிலும் இடறாது.
கேக் வெட்டினோம்.

இரண்டு வருடம் கழித்துக் கூசமோவிலிருந்து
ஹில்கா என்பவளின் கடிதம்.
சாலையில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவள், இரவு முறை.

"பழைய கணினி இழுத்துக்கொண்டு கிடந்தது.
உயிர் போகுமுன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.
படங்கள், ஆவணங்கள்,
திரையில் சிதறிக் கிடந்த குப்பையைக்கூட.
பிறகு பழைய இரும்புக்குப் போட்டாயிற்று.
புதியதில் உங்கள் விளையாட்டைத் திறந்தால்
கடல். மொட்டைப் பாறை.
புதிதாகத் தொடங்கவா என்று கேட்கிறது.
நானூற்றுப் பதினோரு மணி நேரம் ஐயா.
படிக்கட்டை இடப்பக்கமாய்ச் சுற்றி ஏற்றியிருந்தேன்,
நீங்கள் வரைந்த மாதிரிக்கு மாறாக.
கோபம் இல்லை. ஒன்று மட்டும் தெரிய வேண்டும்.
எங்கே வைத்திருந்தீர்கள்?"

ஏன் என்று கேட்டிருந்தால்
பக்கம் பக்கமாய் எழுதியிருப்பேன்.
எங்கே என்பதற்கு ஒரே வரிதான்,
சாய்கோடுகளுக்கு நடுவே அவள் பெயர்.
அவள் பெயர் எழுதிய அறையில்தான் வைத்திருந்தோம்,
அவளிடம் சொல்லாமல்.

மூன்று நாள் அந்த வரியை அனுப்பாமல் வைத்திருந்தேன்.
நாலாம் நாள் ஐலா என் நாற்காலியை நகர்த்திவிட்டு
முகப்பில், 'வெளியேறு'வுக்கு மேலே,
ஒரு பொத்தான் வைத்தாள்:
நீங்கள் கட்டியது இங்கே இருக்கிறது.
அமுக்கினால் ஃபோல்டர் திறக்கும்.
நாற்பது வரி நிரல்கூட இல்லை.
இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்றார் யோர்மா.
பெட்டெரி காலி நாற்காலியைப் பார்த்தான்,
அதில் யாரோ உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுபோல.

மார்ச்சில் இரண்டாவது கடிதம் வந்தது, சின்னது.

"இருபத்துமூன்றாம் படி வரைக்கும் ஏறிவிட்டேன்.
இடப்பக்கமாகத்தான்.
வண்டிச் சாவியோடு ஒரு பென் டிரைவ் தொங்குகிறது.
கட்டியதை தினமும் அதில் எடுத்துக்கொண்டுதான்
வேலைக்குக் கிளம்புகிறேன்.
இனி எங்கே என்று உங்களைக் கேட்க மாட்டேன்.
நேற்று சாலை மணலில் விழுந்துவிட்டது.
ஊதித் துடைத்தேன்.
வேலை செய்கிறது."