ஏழாவது மாடி

கைப்பேசியை ஒரு பையில் போட்டு ஒட்டி
என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார் அதிகாரி.
என் மகன் பெயரைத் திருத்தமாகவே சொன்னார்:
யுகேந்திரன். வயது பதினைந்து.

"நான் கேக்கலம்மா, அவளாத்தான் அனுப்புனா.
நான் ரெண்டு பேருக்குத்தான்..."

ரெண்டு பேருக்குத்தான்.
காலை கொடியேற்றத்துக்குள் அது நாற்பது.
ரீசஸ் மணி அடித்தபோது
எண்ணுவதை விட்டிருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு ஏன் அனுப்பணும்?" என்றார் என் கணவர்.
அதே கேள்வி என் நாக்கு நுனியிலும் இருந்தது.
அதை முதலில் எழுதிவிடுகிறேன்,
மிச்சத்தை எழுதக் கை வர வேண்டுமே.

தொடக்கநிலை இரண்டில்
பிரேசில் கொடி போட்ட அழிப்பான் ஒன்று
அவன் பென்சில் பெட்டியில் வந்து சேர்ந்தது.
யாருடையது என்று கேட்டு,
கொட்டும் மழையில் பேருந்து ஏறி,
அந்தப் பையன் வீட்டுக் கதவைத் தட்டி
அவன் கையாலேயே கொடுக்க வைத்தேன்.
இருபது காசு அழிப்பான்.
அன்று இரவு நல்ல தாயாகத் தூங்கினேன்.

இதை எந்த வீட்டில் திருப்பிக் கொடுப்பது?
எத்தனை கதவு?

பெண் பிள்ளை இல்லாத வீடு,
ஒரு பேச்சு மிச்சம் என்றிருந்தேன்.
அடுப்பை அணைத்தாயா, கேட்டைப் பூட்டினாயா,
கணக்கில் எத்தனை மதிப்பெண் என்றெல்லாம் கேட்டவள்,
உன்னை நம்பி ஒருவர் கொடுத்ததை
என்ன செய்வாய் என்று மட்டும் கேட்கவில்லை.

அவள் பெயரை இங்கே எழுதமாட்டேன்.
சொன்னவர்கள் போதும்.
இதே ஈசூன் புளோக்கில் பதினோராவது மாடி.
தீபாவளிக்கு அவள் கொண்டுவந்த முறுக்கு டப்பா
இன்னும் என் அலமாரியில், திருப்பிக் கொடுக்காமல்.

மூன்று வாரம் படிக்கட்டில்தான் ஏறி இறங்கினேன்.
முட்டி வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டேன்.
யுகேந்திரன் மேசையில் உட்கார்ந்து
அவளுக்கு ஒரு கடிதம் எழுதினான், கிழித்தான், எழுதினான்.
"மன்னிச்சிடு"வுக்கு அடுத்த வரி
அவனுக்கு வரவில்லை.
நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

நேற்று ஐந்து கிலோ அரிசியோடு
கீழ்த்தளத்தில் மூச்சு வாங்கி நின்றேன்.
மூடப்போன லிஃப்ட் மறுபடி திறந்தது.
உள்ளே அவள் அம்மா, பொத்தானில் விரலோடு.
மூலையில் அவள், பள்ளிச் சீருடையில்,
தன் காலணியைப் பார்த்தபடி.

யாரும் எதுவும் பேசவில்லை.
அரிசிப் பையை இறக்கி வைத்து
என் மாடியை அழுத்தக் கை நீட்டினேன்.

பதினொன்று எரியவில்லை.
ஏழு எரிந்துகொண்டிருந்தது.