முதல் வகுப்பு இலவசம்

ரீகாவில் பிப்ரவரி.
ஒரே வாரத்தில் நான்கு இடங்களில்
முதல் வகுப்பு இலவசம்.
நான்கு படிவங்களிலும் அதே கேள்வி:
எதற்காகக் கற்க விரும்புகிறீர்கள்?
உடற்பயிற்சி என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.
பெயர் வெல்ட்டா. வயது நாற்பத்தேழு.
வேலை டிராம் ஓட்டுவது.
பழைய காயங்கள் என்ற இடத்தில்
ஒரு கோடு இழுத்தேன்,
இல்லை என்பதற்கும்
பிறகு சொல்கிறேன் என்பதற்கும் பொதுவாக.

திங்கள், குத்துச்சண்டை.
மீன் கடைகளுக்குப் பின்னால் ஒரு நிலவறை.
அர்வீத்ஸ் என் விரல்களைத் துணியால் சுற்றினார்,
சூட்டு ரொட்டியைப் பொதிகிற அக்கறையோடு.
மணல் மூட்டையைக் குத்தச் சொன்னார்.
குத்தினேன்.
"மன்னிச்சுக்கோ" என்றேன், மூட்டையிடம்.
யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பிடித்தது.
பத்து நிமிஷத்தில் மன்னிப்புக் கேட்பது நின்றது,
மூச்சும் நின்றது.

புதன், ஐகிடோ.
வாசலில் செருப்புகள்கூட வணங்கியபடி கிடந்தன.
இமாண்ட்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்தார்,
கைமாற்றுக் கேட்க வந்தவர் போல.
நான் திரும்பினேன். அவர் அழகாக விழுந்தார்.
விழுந்ததற்கு நன்றி வேறு சொன்னார்.
இந்தப் பிடிக்குப் பெயர் பூட்டு என்றார்.

எனக்குத் தெரிந்த ஆள்
மணிக்கட்டைப் பிடிப்பதில்லை.
முடியைப் பிடிப்பான்.
அதுவும் எடுத்த எடுப்பில் இல்லை,
முதலில் உப்பு எங்கே என்று கேட்பான்.

வியாழன், கிராவ் மகா.
ரெனார்ஸ். மொட்டைத் தலை, விசில்.
பல் மருத்துவம் படிக்கிற பையன் ஒருவன்
ரப்பர் கத்தியோடு என்மேல் பாய்ந்தான்,
கொஞ்சம் வெட்கத்தோடு.
கண், தொண்டை, முட்டி, ஓடு!
கண், தொண்டை, முட்டி, ஓடு!
நான் தொண்டை வரைக்கும் வந்தேன்.

எல்லோரும் தூரத்தில்தான் தொடங்குகிறார்கள்.
இரண்டு கை நீளம் விடு.
எட்டாத இடத்தில் நில்.
தூரம் எனக்குத் தெரியும்.
பனி உறைந்த தண்டவாளத்தில்
ஆள் நிரம்பிய வண்டி நிற்க எவ்வளவு வேண்டும் என்று
பாதத்தைக் கேட்டால் சொல்லும்.
என் சமையலறை இரண்டு மீட்டர்.
அதில் ஒன்றரை, அடுப்பும் மேசையும்.

எல்லோரும் போன பிறகு ரெனார்ஸிடம் கேட்டேன்:
இடம் குறுகலாக இருந்தால்?
முழங்கை என்றார், காட்டத் தொடங்கினார்.
ஆள் தெரிந்தவனாக இருந்தால்?
முழங்கை பாதியில் நின்றது.
விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினார்.
"அவன்கிட்ட சாவி இருக்கா?"
இந்த மனிதருக்கு
இவ்வளவு மெல்லப் பேச வரும் என்று நினைக்கவில்லை.
"முழங்கையை அப்புறம் பார்த்துக்கலாம்."

வெள்ளி காலை பூட்டுக்காரர் வந்தார்.
இருபது நிமிஷம். அறுபத்தைந்து யூரோ.
மூன்று சாவி கொடுத்தார்.
மூன்றாவது யாருக்கு என்று
இன்னும் தெரியவில்லை.

அன்று மாலை ஜூடோ. போகாமல் இருந்திருக்கலாம்.
ஏற்கெனவே பதிந்துவிட்டதால் போனேன்.
ஸிக்ரீதாவின் காதுகள் கசங்கியிருந்தன,
பல வருஷம் யார் யார் தோளிலோ தேய்ந்து.
ஒரு மணி நேரமும் விழுவது மட்டுமே.
பின்னால் விழு. பக்கவாட்டில் விழு.
முகவாயை நெஞ்சோடு ஒட்டு. கையால் பாயை அறை.
விழ எனக்குத் தெரியும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
தெரியவில்லை.
இத்தனை வருஷமும் தப்பாக விழுந்திருக்கிறேன்.

சனி இரவு, பதினொன்று நாற்பது.
துவாரத்தில் சாவி நுழையும் சத்தம்.
திரும்பவில்லை.
வெளியே எடுத்து, ஊதி, மறுபடி நுழைத்தான்.
திரும்பவில்லை.
நடையில் விளக்குப் போடாமல் நின்றேன்.
இடது கால் தானாக முன்னே போயிருந்தது,
எந்த வகுப்பில் கற்றது என்று ஞாபகமில்லை.
முகவாய் நெஞ்சோடு.
அவசர எண் கட்டைவிரலுக்கு அடியில்.

"வெல்ட்டா" என்றான்,
உப்புக் கேட்கிற அதே குரலில்.

அழுத்தினேன்.