நவம்பர் முழங்கால்

மருத்துவர் ஹால்டிஸ் போய்ப் பதினான்கு மாதம்.
மேலங்கி மாட்டும் ஆணி மட்டும்
அவர் உயரத்துக்கு அடித்தபடியே இருக்கிறது.
வருகிறவர்களெல்லாம் குனிந்து மாட்டுகிறார்கள்.

அவர் பட்டியலில் ஆயிரத்து நாற்பது பெயர்.
நகராட்சி மூன்று முறை விளம்பரம் கொடுத்தது:
வீடு உண்டு, படகுத்துறை உண்டு,
குளிர்கால இரவில் வானத்தில் பச்சை ஒளி உண்டு.
ஒரே ஒரு விண்ணப்பம் வந்தது.
மனைவியோடு பேசிவிட்டு அவரும்
மன்னிக்கவும் என்று எழுதிவிட்டார்.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருவர்,
காற்று விட்டால், சின்ன விமானத்தில்.
ஆஸ்லோவிலிருந்து, மால்மோவிலிருந்து,
ஒருமுறை லிஸ்பனிலிருந்து.
நல்லவர்கள்தான். கை சுத்தம், இரண்டு பொருளிலும்.
கடவுச்சொல் கிடைக்கவே செவ்வாய் மதியமாகிவிடும்.
அடுத்த வெள்ளி பெட்டி கட்டிவிடுவார்கள்.
நான் வரவேற்பு மேசையில் இருக்கிறேன்.
கதவு திறந்து மூடுவதை எண்ணுவது என் வேலை இல்லை,
ஆனாலும் எண்ணுகிறேன்.

ஒட்லெய்ஃப் வருகிறார்.
தொப்பியிலிருந்து உப்புநீர் சொட்டுகிறது.
என்ன தொந்தரவு என்று படிவத்துக்காகக் கேட்கிறேன்.
முழங்கால், என்கிறார்.

ஒன்பது மருத்துவர்கள் அந்த முழங்காலை மடக்கினார்கள்,
நீட்டினார்கள், சுத்தியலால் தட்டினார்கள்.
ஸ்கேனுக்காகக் கப்பலில் நாலு மணி நேரம் போய்வந்தார்.
வயதுக்கேற்ற தேய்மானம் என்று தாள் வந்தது.
யாரும் தப்புச் செய்யவில்லை.
எல்லோரும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார்கள்,
அவ்வளவுதான்.

ஹால்டிஸ் முழங்காலைத் தொடவே மாட்டார், முதலில்.
நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டு
படகு எப்படி இருக்கிறது என்பார்.
பிறகு கதவு சாத்திக்கொள்ளும்.
கோப்பில் ஒவ்வொரு நவம்பரும் ஒரே வரி:
முழங்கால் வலி. பேசினோம்.

தம்பி ஸ்டெய்னார் விழுந்தது ஒரு நவம்பரில்.
படகின் விளிம்பில் முழங்காலை ஊன்றி
இவர் எட்டிப் பிடித்தார்.
கையுறை வந்தது.
இதை ஹால்டிஸ் எனக்குச் சொல்லவில்லை,
சொல்லக்கூடியவரும் இல்லை.
தீவுக்கே தெரியும்.
கோப்புக்குத்தான் தெரியாது.

பத்தாவது ஆள் யெஸ்பர், டென்மார்க்காரர்,
காதில் இன்னும் விமானத்தின் இரைச்சல்.
காப்பிக் கோப்பையோடு வாசலில் நின்று
அடுத்தவரைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமா, என்றார்.
இதுவரை யாரும் கேட்காத கேள்வி.
நான் வாய் திறக்கக்கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.
இது நவம்பர், டாக்டர், என்றேன்.

பதினைந்து நிமிடச் சந்திப்பு.
ஐம்பது நிமிடம் கதவு திறக்கவில்லை.
காதுவலிக்கு வந்த பெர்க்லியோட் டீச்சர்,
காய்ச்சல்காரக் குழந்தை, அதன் அப்பா,
ஓட்டுநர் சான்றிதழுக்கு வந்த கிழவர்.
கிழவர் மூன்று முறை கடிகாரம் பார்த்தார்.
பிறகு எழுந்துபோய் எல்லோருக்கும் காப்பி ஊற்றினார்.
ஏன் தாமதம் என்று ஒருவரும் கேட்கவில்லை.
நாற்காலி தரையில் உராயும் சத்தம் மட்டும்
ஒருமுறை கேட்டது,
சன்னல் பக்கமாக.

வெள்ளிக்கிழமை யெஸ்பரும் பறந்துவிட்டார்.

டிசம்பரில் பல்கலைக்கழகத்திலிருந்து கட்டுக்கட்டாக உறைகள்.
ஒரே மருத்துவரிடம் நெடுநாள் இருப்பவர்கள்
கூடுதல் காலம் வாழ்கிறார்களா என்று ஆராய்கிறார்களாம்.
ஒட்லெய்ஃப் என் பேனாவை வாங்கிக்கொண்டு
நின்றபடியே நிரப்பினார்.
ஏழாம் கேள்வி:
உங்கள் மருத்துவர் உங்களை எத்தனை ஆண்டுகளாக அறிவார்?
பதினேழு, என்று எழுதினார்.

அவர்தான் போய்விட்டாரே, என்றேன்.
போனால் மறந்துவிடுவாரா, என்றார்,
கோபமில்லாமல், நிஜமாகவே தெரியாமல் கேட்பவர்போல.

தொலைவில் ஏதோ ஓர் அறையில்
எண்களைச் சரிபார்க்கும் ஒருவர்
தீவில் மருத்துவரே இல்லையே என்று
இந்தத் தாளைப் பிழையில் சேர்க்கக்கூடும்.
திருத்தச் சொல்லியிருக்கலாம்.
உறையை நாக்கால் நனைத்து ஒட்டினேன்.