எடைமேடை, பீடோர்

அர்ச்சுணனின் லோரி ஏறியதும்
சிவப்பு எண்கள் நடுங்கி நிற்கின்றன:
குலையும் வண்டியுமாய்
இருபத்து மூவாயிரத்து நானூறு கிலோ.

நேற்று டிவியில்
ஏறக்குறைய இதே கனத்தில் ஒரு டிராகன்
பறந்து வந்து கோட்டைக் கூரையில் உட்கார்ந்தது.
ஓர் ஓடுகூட உடையவில்லை.

"படம்தானேக்கா" என்கிறான்.

உயரம் இரு மடங்கானால்
எலும்பின் பலம் நாலு மடங்கு, சுமை எட்டு.
ரசீதின் முதுகில் போட்டுக் காட்டினேன்.
நாயகன் ஒற்றைக் கையால்
லோரியை நிறுத்திய இடத்துக்கு
நான் கணக்கே போடவில்லை.
போன தைப்பூசத்தன்று பிரேக் விட்டபோது
ஏழாம் கட்டைத் தடுப்புச்சுவர் என்ன ஆனதென்று
அவனுக்கே தெரியும்.

கடைசி லோடு இறங்கி, மழையும் விட்ட பிறகு
செம்பனைக்குள்ளிருந்து ஒரு கூகை,
எலிக்காகத் தோட்டம் பெட்டி வைத்து வளர்ப்பது,
காலி மேடையின் நடுவில் வந்து நின்றது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தேன்.

பூஜ்யம்.

பத்துக் கிலோவுக்குக் கீழே
எங்கள் மேடைக்குக் கண் தெரியாது.

அது எழும்பியபோது
தகரத்தில் சொட்டும் நீர்தான் கேட்டது.
"அதுக்கும் ஒரு ரசீது போடுங்கக்கா"
என்று சிரித்தான்.

போட்டேன்.
வண்டி எண்: இல்லை.
சரக்கு: எலி ஒன்று, இருக்கலாம்.
நிகர எடையில்
பேனா கொஞ்சம் நின்றது.